அளவறிந்த உஷ்ணமும் அளவறியாத இச்சையும்

சிகரெட்டைக் கொளுத்திப் புகைப்பவனுக்கு, அதன் முனையில் கனலும் நெருப்பு எத்தனை டிகிரி உஷ்ணம் உடையது என்று கேட்கத் தோன்றுவதில்லை. இழுக்கும் தருணத்தில் அது ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸை எட்டுகிறது என்று யாரேனும் சொன்னால் சற்றே வியப்பான். வியந்தபின் மறுபடியும் இழுப்பான். மின்சிகரெட் என்னும் நூதன யந்திரத்தைக் கையில் ஏந்தியவனின் நிலை வேறு. அவனுடைய கருவியில் சிறு திரை ஒன்று ஒளிர்கிறது. அதில் 200 என்றோ 230 என்றோ ஓர் எண் தெரிகிறது. அந்த எண்ணைக் கூட்டவும் குறைக்கவும் அவனுக்கு அதிகாரம் உண்டு. உயர்ந்த ரகக் கருவிகள் சில இன்னும் ஒரு படி மேலே சென்று, தம் எஜமானனுக்கு எந்த இழுப்பு மிகவும் பிடித்ததோ அதை நினைவில் பதித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அதே இழுப்பைப் பிசகின்றித் திரும்ப வழங்கும் வித்தையையும் கற்றுவிட்டன. இவ்விரு சாமர்த்தியங்களையும் முன்னிறுத்தி, 'இது அளவறிந்து இயங்கும் சாதனம், ஆகவே அஞ்ச வேண்டியதில்லை' என்ற வாதம் மேல்நாடுகளில் எழுந்து, கடல் கடந்து நம் இளைஞர்களின் செவிக்கும் எட்டியிருக்கிறது. நம் தேசமோ 2019-ஆம் ஆண்டு முதல் இக்கருவியை அடியோடு விலக்கி வைத்திருக்கிறது. கருவியின் கெட்டிக்காரத்தனத்துக்கும் சட்டத்தின் கண்டிப்புக்கும் நடுவே நிற்கும் சாமானியன் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது பிரயோஜனமுள்ள காரியம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைச் சிந்திப்பதற்குக் காரணம் உண்டு. பஞ்சபூத ஸ்தலங்களுள் அக்கினிக்குரிய இந்த க்ஷேத்திரத்துக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து, 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். மார்கழி, தை மாதங்களிலோ ரமணாச்ரமத்தை நாடி அயல்நாட்டவர் திரளாக வருகிறார்கள்; அவர்களில் பலருடைய சொந்த நாட்டில் மின்சிகரெட் கடையில் வெளிப்படையாக விற்கும் பண்டம். ஒரு நாட்டில் மருத்துவர்களே சிபாரிசு செய்யும் பொருள், மற்றொரு நாட்டில் சிறைத்தண்டனைக்குரிய சரக்கு என்ற முரண்பாடு, இத்தகைய யாத்திரை ஊர் ஒன்றில் ஒரே தேநீர்க் கடையின் பெஞ்சில் அருகருகே அமர்ந்துகொள்ளக் கூடும். 'புண்ணிய பூமியில் புகைக்கு என்ன வேலை?' என்று ஸ்தல மகிமையைக் காட்டி இந்த விவாதத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம்தான். ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. கற்பூரமும் சாம்பிராணியும் மட்டுமே இவ்வூரின் புகை என்று யாரும் சாதிக்க முடியாது. விசிறி சாமியார் என்று ஊரார் அன்புடன் அழைத்த யோகி ராம்சுரத்குமாரின் விரலிடையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்ததை அவருடைய அடியார்களே மறைத்ததில்லை. எனவே புனிதத்தின் பெயரால் தீர்ப்புக் கூறாமல், யந்திரத்தின் இயல்பையும் மனித சுபாவத்தையும் கொண்டே இதைத் தீர்மானிப்பது நேர்மையாகும்.

யந்திரம் எப்படி இயங்குகிறது என்பதை விளக்க, கார்த்திகை தீபத்தை விடப் பொருத்தமான உவமை இல்லை. 2,668 அடி உயரத்து மலையுச்சியில், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட காடாத் துணியும் இட்ட கொப்பரையில் மகாதீபம் சுடர்விடுகையில், எரிவது துணி என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் துணித்திரி நெய்யை உறிஞ்சி மேலேற்றுகிறது. மேலேறிய நெய் உஷ்ணத்தால் ஆவியாகிறது. அந்த ஆவியே சுடராகிறது. நெய் வற்றாத வரையில் திரிக்கு அதிக சேதமில்லை. வற்றிவிட்டாலோ திரியே கருகி நாற்றமெடுக்கும். மின்சிகரெட்டிலும் பஞ்சுத்திரி உண்டு. அதைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள் உண்டு. கம்பியைச் சூடேற்ற மின்கலம் உண்டு. திரி உறிஞ்சும் திரவம் பெரும்பாலும் பிராப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. அதில் நிக்கோட்டினும், பழம், புதினா போன்ற வாசனைகளும் சேர்த்திருப்பார்கள். பிராப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. இங்கே சுடர் எழுவதில்லை. சூடான கம்பியில் ஆவியான திரவம் உடனே குளிர்ந்து நுண்துளிப் படலமாகி, இழுப்பவனின் நுரையீரலுக்குள் செல்கிறது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963-இலேயே புகையிலையும் நெருப்பும் இல்லாத சிகரெட்டுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆயினும் சீனத்து மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் அமைத்த கருவியிலிருந்தே இன்றைய வணிகம் தழைத்தது.

தொடக்க காலத்துக் கருவிகளுக்குத் திரி வற்றியது தெரியாது. திரவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தைப் பாய்ச்சும். வற்றிய திரியில் பஞ்சு கருகி, இழுப்பவன் தொண்டையில் காரம் ஏறி இருமும்போதுதான் விஷயம் வெளிப்படும். இக்குறையைத் தீர்க்க வந்ததே உஷ்ணக் கட்டுப்பாடு. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனமான எவால்வ் வெளியிட்ட 'டி.என்.ஏ. 40' என்னும் மின்னணுச் சில்லு அதற்கு வழிகாட்டியாயிற்று. இதில் தனியாக ஒரு வெப்பமானி கிடையாது என்பதே இதன் நயம். உலோகம் சூடேறச் சூடேற அதன் மின்தடையும் ஏறும் என்ற பௌதிக விதியே இங்கே வெப்பமானியாகிறது. நிக்கல் கம்பி 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் தடை இரு மடங்குக்கும் மேலாகும். துருப்பிடிக்காத எஃகில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவே கூடும். காந்தல் என்னும் இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவையில் மாறுதல் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம், ஆதலால் அக்கம்பி இவ்வேலைக்கு உதவாது. சில்லு நொடிக்குப் பல முறை தடையை அளந்து, அதிலிருந்து உஷ்ணத்தைக் கணித்து, குறித்த எல்லையை எட்டியதும் மின்சாரத்தைக் குறைக்கிறது. திரியில் ஈரம் உள்ளவரை, ஆவியாகும் திரவமே கம்பியின் சூட்டை எடுத்துச் செல்லும்; ஈரம் வற்றினால் சூடு சட்டென்று தாவும்; அத்தாவலைக் கண்ட சில்லு மின்சாரத்தை அடக்கிவிடும்.

இந்த ஏற்பாட்டை வெறும் விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. கிளிசரினும் பிராப்பிலீன் கிளைக்காலும் அளவுக்கு மீறிச் சூடேறினால் சிதைந்து, பார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலீன் ஆகிய நச்சுப் பொருள்களாக மாறுகின்றன. அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியிட்ட ஆய்வுக் கடிதமொன்று, 3.3 வோல்ட் அழுத்தத்தில் தென்படாத பார்மால்டிஹைடு சார்ந்த பொருள்கள் 5 வோல்ட்டில் தோன்றியதாகக் கூறிற்று. அத்தனை சூட்டில் வரும் ஆவியின் கசப்பை எந்த மனிதனும் சகித்து இழுக்கமாட்டான் என்று மறுதரப்பார் ஆட்சேபித்தனர். ஆட்சேபம் எத்தகையதாயினும், உஷ்ணம் மிகுந்தால் நஞ்சும் மிகும் என்பதில் இரு தரப்பாருக்கும் அபிப்ராய பேதம் இருக்கவில்லை. ஆகவே உஷ்ணத்தைக் கட்டுக்குள் வைப்பது ஆபத்தின் ஒரு பகுதியைக் குறைக்கும் என்பதை நாம் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்வது? திரையில் தெரியும் எண் கண்ணால் கண்ட சாட்சியன்று, அனுமானம். குளிர்ந்த நிலையில் கம்பியின் தடை என்ன என்பதைச் சில்லு சரியாக அறிந்திருந்தால் மட்டுமே அந்த அனுமானம் தேறும். சூடு ஆறாத கம்பியைக் குளிர்ந்தது என்று அது எண்ணிவிட்டாலும், எஃகுக் கம்பியை நிக்கல் என்று உபயோகிப்பவன் தவறாகக் குறித்துவிட்டாலும், அதற்குப்பின் காட்டும் எண்கள் யாவும் பிழையே. மேலும், அந்த எண் கம்பி முழுவதற்குமான சராசரி; சுருளின் ஒரு வளைவு மட்டும் வறண்டு கனன்றாலும் சராசரி அதை மூடி மறைத்துவிடும். கம்பியிலிருந்து ஆவியில் கலக்கும் நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகத் துகள்களைப் பற்றி அந்தத் திரை எதுவும் சொல்வதில்லை. திரவத்தில் கரைந்துள்ள வாசனைப் பொருள்கள் உணவாக வயிற்றில் இறங்குவதற்கும் ஆவியாக நுரையீரலில் படிவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை. ஒன்றை அளக்கக் கற்ற கருவி, அளக்காத பத்தையும் அளந்துவிட்டதான மயக்கத்தை உண்டாக்குகிறது.

உஷ்ணக் கட்டுப்பாட்டை விடவும் நம் கவனத்துக்குரியது, இழுப்பை நினைவில் வைத்துத் திரும்பத் தரும் ஏற்பாடு. அதே எவால்வ் நிறுவனத்தின் பிற்காலச் சில்லுகளில் இது இடம்பெற்றது. இதன் கிரமம் எளியது. பயனாளி ஓர் இழுப்பு இழுக்கிறான். அப்போது பாய்ந்த மின்திறனும், கம்பியின் தடை ஏறிய விதமும் சில்லில் பதிவாகின்றன. ருசித்தது என்றால் அதைச் சேமித்துக்கொள்ளும்படி உத்தரவிடுகிறான். அதன்பின் ஒவ்வோர் இழுப்பும் அந்தச் சேமித்த இழுப்பின் பிரதியாகவே வருகிறது. கம்பியை அதே கம்பியின் முந்தைய நடத்தையோடு ஒப்பிட்டால் போதும் என்பதால், உஷ்ணம் இத்தனை டிகிரி என்று துல்லியமாக அறிய வேண்டிய அவசியமும் இங்கே குறைந்துவிடுகிறது. பௌதிக சாஸ்திர நோக்கில் இது அழகான யுக்தி; உஷ்ணக் கட்டுப்பாட்டில் நேரும் அளவுப் பிழைகளைச் சுற்றி வளைத்துத் தாண்டிவிடுகிறது. ஆனால் மனித நோக்கில் இங்கே ஒரு பெரிய மாறுதல் ஓசையின்றி நிகழ்ந்துவிட்டது. உஷ்ணக் கட்டுப்பாடு, 'எவ்வளவு சூடு?' என்று கேட்டது. அந்தக் கேள்வியில் தேகத்தின் நலனுக்கு ஓர் இடம் இருந்தது. இழுப்பைத் திரும்பத் தரும் யுக்தியோ, 'எது பிடித்தது?' என்று மட்டுமே கேட்கிறது. சேமிக்கப்படுவது தீங்கு குறைந்த இழுப்பன்று, இனித்த இழுப்பு. பிரமாணம் நுரையீரலிலிருந்து நாவுக்கு மாறிவிட்டது.

பழக்கம் என்பது என்ன? ஒரு முறை பெற்ற சுகத்தை மறுமுறையும் அவ்வண்ணமே பெற விழையும் மனத்தின் சுபாவமே அல்லவா? சாதாரண சிகரெட்டில் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. காற்றும் ஈரமும் கைநடுக்கமும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். பழக்கத்துக்கு இயற்கை இட்ட சிறு இடையூறுகள் அவை. அந்த இடையூறுகளையும் அகற்றி, சுகத்தை நூற்றுக்கு நூறு உறுதியாக்கித் தருவதையே நவீனப் பொறியியல் சாதனையென்று கொண்டாடுகிறோம். சுவாசத்தையும் மனத்தையும் பற்றி நெடுங்காலமாக விசாரித்து வந்த ஊர் இது. ரமண மகரிஷி தம் 'உபதேச உந்தியா'ரில், மூச்சை அடக்குவதால் மனம் ஒடுங்கும் என்பதை ஒப்புக்கொண்டே, ஒடுங்கிய மனம் மீண்டும் எழும் என்பதையும், ஒடுக்கம் வேறு, அழிவு வேறு என்பதையும் பிரித்துக் காட்டினார். ஆன்ம சாதனைக்குச் சொன்ன அந்த விவேகம் இங்கேயும் செல்லுபடியாகும். கம்பியின் சூட்டை அடக்குவதால் ஆவியின் தீமை சற்று ஒடுங்கலாம். ஆனால் அந்த ஆவியை நாடும் வேட்கைக்கு அதனால் ஊனம் எதுவும் நேர்வதில்லை. இழுப்பைத் திரும்பத் தரும் யுக்தியோ வேட்கையை ஒடுக்கவும் முயலாமல், அதற்கு ஒரு ஞாபகசக்தியையே அமைத்துக் கொடுத்துவிடுகிறது.

இப்படிப்பட்ட ஆறுதலைப் புகை வணிகம் நமக்கு வழங்குவது இது முதல் தடவையும் அல்ல. சென்ற நூற்றாண்டில் வடிகட்டி பொருத்திய சிகரெட்டும், 'லைட்' என்ற பெயரிட்ட சிகரெட்டும் வந்தன. பரிசோதனை யந்திரம் புகைத்தபோது அவற்றில் தார் குறைவாகவே வெளிப்பட்டது. மனிதன் புகைத்தபோதோ, குறைந்த நிக்கோட்டினை ஈடுசெய்ய அவன் இன்னும் ஆழமாக இழுத்தான்; அதிக எண்ணிக்கையில் புகைத்தான்; வடிகட்டியிலிருந்த நுண்துளைகளை விரலாலும் உதட்டாலும் தன்னையறியாமல் மூடினான். அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006-இல் அளித்த தீர்ப்பில், இத்தகைய பெயர்களால் நிறுவனங்கள் ஜனங்களை ஏமாற்றின என்று முடிவுகட்டினார். மின்சிகரெட்டிலும் நிக்கோட்டின் அளவைக் குறைத்தவர்கள் நீண்ட நேரம், அடிக்கடி இழுத்து ஈடுசெய்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். யந்திரத்தின் அளவுகோல் ஒன்று. அதைப் பிடித்திருக்கும் கையின் அளவுகோல் வேறு. இரண்டாவதைக் கணக்கில் கொள்ளாத பாதுகாப்பு, பாதிப் பாதுகாப்பே.

சூட்டைக் காட்டிலும் முக்கியமானது, சூடேற்றப்படும் பொருள் எது என்பது. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மின்சிகரெட் உபயோகித்தவர்களிடையே திடீரென்று ஒரு நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; 68 பேர் மாண்டனர். கள்ளச் சந்தையில் கஞ்சாச் சத்துடன் விற்ற குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின்-இ அசிட்டேட்டே அதற்கு முக்கிய காரணம் என்று தெரியவந்தது. எத்தனை நுட்பமான சில்லும் அதைத் தடுத்திருக்காது. ஏனென்றால் சில்லுக்குக் கம்பி தெரியுமே தவிரக் குப்பிக்குள் இருப்பது தெரியாது. தமிழர் பெருந்தொகையாக வாழும் சிங்கப்பூரின் அனுபவம் இதைவிடப் புதியது. அங்கே 2018 முதல் மின்சிகரெட்டை விற்பது மட்டுமன்றி, வைத்திருப்பதும் உபயோகிப்பதுமே குற்றம். அவ்வளவு கண்டிப்பான நாட்டிலும் அவை கள்ளத்தனமாக நுழைந்தன. அதனோடு நில்லாமல், அறுவை சிகிச்சையில் பயன்படும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தும் அவற்றில் கலந்து வரலாயிற்று. 2025 செப்டம்பர் 1 முதல் அம்மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்து அந்த அரசு நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. தடை வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாக நான் காட்டவில்லை. தடை மட்டும் போதாது என்பதற்கும், தடைக்குப் பின்னும் சந்தையில் உலவும் சரக்கு முன்பிருந்ததைவிட இழிந்ததாக இருக்கும் என்பதற்குமே காட்டுகிறேன்.

நம் சட்டத்தின் நிலை என்ன? தமிழக அரசு 2018-இலேயே மின்சிகரெட்டைத் தடைசெய்தது. மத்திய சர்க்கார் 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பரில் அதை நாடாளுமன்றத்தின் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உபயோகிப்பதை மட்டும் சட்டம் தனிக் குற்றமாகப் பெயரிடவில்லை. சட்டம் தரும் இலக்கணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது: நிக்கோட்டின் இருப்பினும் இல்லாவிடினும், ஒரு பொருளைச் சூடேற்றி, உள்ளிழுப்பதற்கான நுண்துளிப் படலத்தை உண்டாக்கும் மின்னணுக் கருவி எதுவாயினும், என்ன பெயரும் வடிவும் உடையதாயினும், அது மின்சிகரெட்டே. எத்தனை டிகிரியில் சூடேற்றுகிறது, எவ்வளவு நேர்த்தியாகச் சூடேற்றுகிறது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஒரே ஒரு வாயில் மட்டும் திறந்திருக்கிறது: 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற பொருளுக்கு இத்தடை பொருந்தாது. அதாவது, மருந்தென்று நிரூபித்துக்கொண்டு வா என்று சட்டம் சொல்கிறது. அந்த நிபந்தனை நியாயமானது என்பதே என் அபிப்ராயம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்கலாகாது. பிரிட்டனில் அரசின் சுகாதார அமைப்பே, புகைப்பவர் மின்சிகரெட்டுக்கு மாறுவதை ஆதரிக்கிறது. அங்கே நடந்து 2019-இல் வெளியான ஆய்வொன்றில், மின்சிகரெட் உபயோகித்தவர்களில் 18 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் புகைப்பதை விட்டிருந்தனர். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் கோந்து முதலியவற்றை உபயோகித்தவர்களில் 9.9 சதவீதத்தினரே விட்டிருந்தனர். 900 டிகிரி நெருப்பில் எரியும் இலையின் தாரையும் கார்பன் மோனாக்சைடையும் விட்டு, சில நூறு டிகிரியில் எழும் ஆவிக்கு மாறும் முதிர்ந்த புகைஞனுக்கு அது லாபமே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே பிரிட்டன், ஒரு முறை உபயோகித்து எறியும் மலிவான மின்சிகரெட்டுகள் சிறுவர் கைகளில் பரவியதைக் கண்டு, 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. முதியவனைக் கரையேற்ற விட்ட ஓடத்தில் சிறுவர்கள் ஏறி ஆற்றின் நடுவே செல்லத் தொடங்கிய கதை அது. உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில், இளையோரை இதிலிருந்து காக்க உடனடி நடவடிக்கை தேவை என்று நாடுகளை வற்புறுத்தியது.

பிரிட்டனின் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாமைக்கு வேறு காரணமும் உண்டு. 2016-17-இல் எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 28.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 26.7 கோடிப் பேர், ஏதேனும் ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் அல்லர், மெல்லுகிறவர்கள். வயதுவந்தோரில் பீடி குடிப்போர் 7.7 சதவீதம், சிகரெட் புகைப்போர் 4 சதவீதம். தமிழகத்தில் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்குப் புகையிலைப் பழக்கம். மின்சிகரெட் உபயோகித்தவர்களோ தேசம் முழுவதிலும் 0.02 சதவீதமே. செங்கத்திலோ போளூரிலோ வயல்வேலை முடித்துவந்து பீடி பற்றவைக்கும் முதியவருக்கு, திரையும் சில்லும் நிக்கல் கம்பியும் உள்ள யந்திரம் பரிகாரமாகப் போவதில்லை. அதன் விலையும் அவருக்கு எட்டாது, பராமரிக்கும் வித்தையும் எட்டாது. அது இங்கே யாரைச் சென்றடையும் என்றால், இன்னும் புகைக்கத் தொடங்காத, கையில் கைப்பேசியும் நாவில் மாம்பழ வாசனைக்கு ஆசையும் உள்ள கல்லூரி மாணவனையே சென்றடையும். ஆகவே தடையை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் தடையை ஆதரிப்பவன் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஆவிக் கருவியை ஒரு வீச்சில் ஒழித்த அதே சர்க்கார், நிரூபணமான கொலைகாரனாகிய பீடியையும் சிகரெட்டையும் பெட்டிக்கடைதோறும் தொங்கவிட அனுமதித்து வரி வாங்குகிறது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனமான எல்.ஐ.சி., தேசத்தின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் கணிசமான பங்கு வைத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்று 2003-ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருப்பதைப் பள்ளி வாசலில் கடை போட்டிருப்பவரிடம் சொல்லிப் பார்த்தால், அச்சட்டத்தின் பலம் விளங்கிவிடும். புதிய தீமைக்குக் கதவை அடைப்பது எளிது, அதனால் நஷ்டமடைவோர் இங்கே சிலரே. பழைய தீமையின் கதவை அசைப்பதோ கடினம், ஏனெனில் அதன் நிழலில் வரி வருமானமும், பீடி சுற்றும் ஏழைப் பெண்களின் அன்றாடக் கூலியும் சேர்ந்தே கிடக்கின்றன. இந்தப் பக்ஷபாதத்தைக் காரணமாகக் காட்டி மின்சிகரெட்டையும் திறந்துவிடுங்கள் என்பார் உண்டு. ஒரு பாவத்தைப் பொறுத்துக்கொண்டோம் என்பதற்காக இன்னொன்றை வரவேற்பது தர்க்கமாகாது. ஆனால் அக்கேள்விக்குத் தலைகுனியாமல் பதில் சொல்லும் தகுதியை நாம் இன்னும் சம்பாதித்துக்கொள்ளவில்லை என்பதும் மெய்.

அத்தகுதியைத் தேடிக்கொள்ளும் வழிகள் அரிதானவை அல்ல. முதலாவது, சட்டத்தின் கை விற்பவன்மேலும் சரக்கை இறக்குபவன்மேலும் விழவேண்டும். பையில் ஒரு கருவியோடு அகப்பட்ட மாணவனையோ யாத்திரிகனையோ அச்சுறுத்திக் கணக்குக் காட்டுவது, சட்டத்தின் நோக்கத்துக்கும் உதவாது, ஊரின் பெயருக்கும் உதவாது. இரண்டாவது, விட நினைப்பவனுக்கு உதவி அருகில் இருக்கவேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களிலேயே அந்த எண் அச்சிடப்படுகிறது. பொட்டலத்தைக் கிழிக்கும் அவசரத்தில் அதை வாசிப்பவர் எத்தனை பேர்? பௌர்ணமி இரவில் மனத்தில் ஏதோ ஒரு பிரார்த்தனையோடும் சங்கல்பத்தோடும் லட்சம் பேர் நடக்கும் கிரிவலப் பாதையில், அஷ்ட லிங்கங்களின் சமீபத்தில் அதே எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால், சரியான மனநிலையில் உள்ளவன் கண்ணில் அது படும். அன்றைய தினம் பாதையோரத்தில் நடக்கும் வைத்திய முகாம்களில், இவ்வூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களைக் கொண்டு புகையிலையை விடும் ஆலோசனையும் அளிக்கலாம். மூன்றாவது, நிக்கோட்டின் கோந்து முதலிய மாற்று மருந்துகள் 2022 முதல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. பட்டியலில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் இருக்கும்படி செய்யவேண்டும். அந்தக் கோந்து, அளவிட்ட நிக்கோட்டினைத் தந்து, வாரத்துக்கு வாரம் அளவைக் குறைத்து, இறுதியில் தன்னையே தேவையற்றதாக்கிக்கொள்வதற்காக ஏற்பட்டது. மருந்துக்கும் போகப் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: மருந்து விடைபெறுவதற்காக வருகிறது, போகப் பொருள் தங்குவதற்காக வருகிறது.

இந்த வித்தியாசத்தைக் கொண்டே நாளைய கருவிகளையும் மதிப்பிடலாம். சூட்டைச் சரியாக அளந்து, திரவத்தின் தூய்மைக்கு உத்தரவாதம் அளித்து, நிக்கோட்டினை நாளுக்கு நாள் தானாகவே குறைத்து, குறித்த காலத்தில் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும் ஒரு கருவியை எந்த நிறுவனமேனும் அமைத்து, மருந்துச் சட்டத்தின்கீழ் பரிசோதனைக்குக் கொண்டுவந்தால், அதை வரவேற்க நமக்கு மனத்தடை வேண்டியதில்லை. அதைச் செய்யும் நுட்பம் இல்லாமலில்லை. இனித்த இழுப்பை நினைவில் வைத்துத் திரும்பத் தரும் சில்லுக்கு, இழுப்பை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டுபோகவும் கற்பிக்க முடியும். அப்படிக் கற்பித்த கருவிகளை இந்த வணிகம் தன் முதன்மைச் சரக்காகக் கொண்டு சந்தைக்கு வரவில்லை என்பதிலிருந்தே, அதன் சாமர்த்தியம் யாருடைய நலனுக்கு உழைக்கிறது என்பது வெளிப்படுகிறது. அத்தகைய கருவி வரும் வரையில் தடை நீடிக்கட்டும். தடை நீடிக்கும் காலமெல்லாம், பீடியையும் சிகரெட்டையும் விட முயலும் ஏழைக்குத் தோள்கொடுக்கும் கடமையைச் சர்க்காரும் சமூகமும் ஏற்றுக்கொள்ளட்டும். ஒருவன் கையிலிருப்பதைப் பறிக்கும் உரிமை, அவன் விடுவதற்குத் துணைநிற்பவனுக்கு மட்டுமே உண்டு.